மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைவது எப்படி: குடியும் மனநோயும் தொடர்ந்து வரும் குடும்பங்களுக்கு

மனநல மருத்துவர் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" கூட வந்திருக்கும் அம்மாவோ அண்ணனோ யோசிக்காமல் சொல்லும் பதில், "அப்படி யாருமே இல்லைங்க." நாலாவது தடவை மாத்திரை வாங்க வரும்போதுதான் கிணற்றில் இறந்துபோன பெரியத்தையும், வீட்டை விட்டுப் போய்த் திரும்பாத சித்தப்பாவும் பேச்சில் தலைகாட்டுவார்கள். பொய் சொல்லும் நோக்கம் யாருக்கும் இல்லை. கூட்டம் நெரியும் ஓ.பி.யில், அடுத்த சீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது, மூன்று தலைமுறையை நினைவிலிருந்து எடுத்து அடுக்க யாராலும் ஆகாது. அதை வீட்டில், நிதானமாக, முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.

வரைவதற்கு முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தத் தாள் முழுக்க முழுக்கக் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்காக. மேல்வரிசையில் இருப்பவர்களை விசாரணை செய்ய உட்கார்ந்தால் இரண்டாம் நாளே வேலை நின்றுவிடும்.

தாளும் குறிகளும்

ஒரு முழு வெள்ளை சார்ட்டில் பாதி போதும். இல்லையென்றால் இரண்டு ஏ4 தாளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். பென்சில், அழிப்பான். முதல் பத்து நாளைக்குப் பேனாவைத் தொடாதீர்கள். கேட்கக் கேட்க எல்லாம் மாறும்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் என்றால் உள்ளே பெருக்கல் குறி. கருக்கலைந்திருந்தால் சிறு முக்கோணம். மேலே தாத்தா பாட்டி, நடுவில் அவர்கள் பிள்ளைகள், கீழே பேரப்பிள்ளைகள் என மூன்று வரிசை. கணவன் மனைவியைக் கிடைக்கோட்டால் இணைத்து, அதிலிருந்து பிள்ளைகளை மூத்தவர் இடப்பக்கம் வருமாறு தொங்கவிடுங்கள். குடி, கஞ்சா, மாத்திரை என எந்தப் போதைப் பழக்கம் இருந்தாலும் உருவத்தின் கீழ்ப்பாதியைக் கருப்பாக்குங்கள். மனநோய் என்றால் இடப்பாதி. இரண்டும் இருந்தால் முக்கால்வாசி கருத்துவிடும். உறுதியாகத் தெரியாததற்குக் கேள்விக்குறி. உலகெங்கும் குடும்ப மருத்துவத்தில் புழங்கும் குறிகள்தான் இவை. இவற்றில் பழகிய மருத்துவரிடம் நீட்டினால் ஒரு பார்வையில் படித்துக்கொள்வார்.

நம் ஊரில் மட்டும் வரும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று சொந்தத்தில் கல்யாணம். அக்கா மகளைக் கட்டிய மாமா இரண்டாம் வரிசை ஆள், அவர் மனைவி மூன்றாம் வரிசை. இருவரையும் ஒரே வரிசைக்கு இழுக்காமல் அவரவர் இடத்தில் வைத்து, சாய்வாக இரட்டைக் கோடு போட்டு இணையுங்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்கும் இரட்டைக் கோடுதான். இந்தக் கோட்டை விட்டுவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான செய்தி தாளிலிருந்து போய்விடும். ஏன் என்று பின்னால் வருகிறது. இரண்டாவது சிக்கல் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயரே இருக்கும், பெரியப்பா மகனுக்கும் அதே பெயர் இருக்கும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டு கட்டாயம். ஆண்டு தெரியாவிட்டால் "64 புயலுக்கு முந்தி", "எமர்ஜென்சி சமயம்" என்று வீட்டார் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஆண்டை அதிலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

ஒவ்வொருவர் பக்கத்திலும் என்ன எழுதுவது

"குடிகாரர்" என்று எழுதினால் தாளுக்குப் பயனில்லை. என்ன, எந்த வயதில், எவ்வளவு, அதனால் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். இப்படி: "பிராந்தி. 22ல் தொடக்கம், கல்யாண வீடுகளில் மட்டும். 34ல் தினமும் சாயங்காலம். 41லிருந்து காலையில் எழுந்ததும். 46ல் ரத்த வாந்தி. 48ல் மறைவு." இதில் 34க்கும் 41க்கும் இடையில் இருக்கும் ஏழு வருடம்தான் அடுத்த தலைமுறைக்குப் பாடம். கை நடுங்காமல் இருப்பதற்காகக் காலையிலேயே குடிக்கத் தொடங்கும் வயது எது என்று கட்டாயம் கேளுங்கள். பழக்கம் உடம்பின் தேவையாக மாறிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

அளவையும் வீட்டுப் பேச்சில் விடாதீர்கள். "ஒரு குவாட்டர்தான்" என்பார்கள். குவாட்டர் 180 மி.லி., புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம் ஆல்கஹால். நம் நாட்டில் மருத்துவர்கள் "ஒரு அளவு" என்று எண்ணுவது 10 கிராம் ஆல்கஹால். ஆக "ஒரு குவாட்டர்" என்பது ஆறு அளவு, அதில் பாதியான கட்டிங் என்பது மூன்று. 8 சதவீதம் உள்ள ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. புட்டி நான்கு அளவைத் தாண்டும். "பீர் மட்டும்தான், பழக்கமெல்லாம் இல்லை" என்ற வாக்கியத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

மனநோய்க்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. நடந்ததை எழுதினால் போதும். எத்தனை வயதில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, நடுவில் முழுசாகச் சரியானாரா, திரும்ப வந்ததா. முழுசாகத் தெளிந்து, வேலைக்குப் போய், ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தது என்பது ஒரு வகை. தெளியாமலே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிப்போனார் என்பது வேறு வகை. மருத்துவர் இரண்டையும் வேறு வேறாகப் படிப்பார்.

எந்த மாத்திரை கேட்டது என்பதையும் எழுதுங்கள். பலரும் விட்டுவிடும் விஷயம் இது. அளவு கடந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது இருமுனை மனநோய். அதற்குத் தரும் லித்தியம் ஒருவருக்கு நன்றாகக் கேட்டிருந்தால், அவருடைய ரத்த சொந்தத்தில் அதே நோய் வந்தவருக்கும் கேட்க வாய்ப்பு அதிகம். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எது கிடைத்தாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கட்டம் எல்லாம் நோயில்லாத கட்டம் ஆகாது

"எங்க தாத்தா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அப்பாதான் கெட்டுப்போனார்." இதை எழுதும்போது தாத்தாவின் வாலிப வயது எந்த ஆண்டுகளில் வந்தது என்று பாருங்கள். ராஜாஜி 1937ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971ல் தளர்த்தினார்கள், 1974ல் மறுபடி மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள். 1983ல் தொடங்கிய டாஸ்மாக், 2003ல் சில்லறைக் கடைகளையும் தானே எடுத்துக்கொண்டது. 1930ல் பிறந்தவருக்கு இருபது முதல் நாற்பது வயது வரை பக்கத்தில் கடையே இல்லை. கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகாத குடும்பம் என்றால், அவர் உடம்பு குடியை எப்படி ஏற்றுக்கொண்டிருக்கும் என்பதற்கு வாழ்க்கை சோதனையே வைக்கவில்லை. அவர் மகன் வளரும்போது தெருமுனையில் கடை வந்துவிட்டது. குடும்ப வாகு, அதாவது எளிதில் பழக்கத்தில் விழும் பிறவித் தன்மை, இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

பெண்களின் வட்டங்களும் இதே போலத்தான். குடி அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. வட்டத்தின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருக்கும். அதே குடும்பத்து அத்தைகளிடம் தீராத தலைவலி, வருடக்கணக்கில் தூக்க மாத்திரை, வெற்றிலையோடு போகும் புகையிலை, மூன்று மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது என்று வேறு வழியில் வெளிப்பட்டிருக்கும். அதைக் கேட்டு எழுதுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

முதலில் அத்தையிடம் போங்கள். பிறந்த வீட்டைப் பற்றி எல்லாம் தெரியும், ஆனால் கல்யாணமாகி வெளியே போய்விட்டதால் அந்த வீட்டு மானத்தைக் காக்கும் பொறுப்பு பாதி இறங்கியிருக்கும். அடுத்து மூத்த மருமகள். குடித்தவரின் மனைவியிடம் கடைசியில் போங்கள், அதுவும் தனியாக. காதுகுத்து, வளைகாப்பு, திதி வீடுகளில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அரிசி புடைக்கும்போது, கீரை ஆயும்போது, கை வேலையில் இருக்கும்போது கேட்டால் வாய் தானாகத் திறக்கும்.

"நம்ம வீட்ல யாருக்காவது மனநோய் இருந்துச்சா அத்தே?" என்று கேட்டால் "சீச்சீ, நம்ம வீட்லயா" என்பதோடு முடியும். "யாராச்சும் நல்லா வேலைக்குப் போய்க்கிட்டிருந்துட்டு திடீர்னு வீட்லயே உக்காந்துட்டாங்களா?" என்று கேளுங்கள். "யாராச்சும் ராத்திரி பகலா தூங்காம, கடன் வாங்கி, கண்டதையும் வாங்கிப் போட்டதுண்டா?" "பிள்ளை பெத்த வீட்ல யாருக்காச்சும் புத்தி தடுமாறுச்சா?" ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வந்து நிற்பார்.

வீட்டுப் பேச்சில் நோய்க்கு வேறு பெயர்கள் உண்டு. "காத்து கருப்பு அடிச்சுது", "செய்வினை வச்சுட்டாங்க" என்பதற்குப் பின்னால் இல்லாத குரல் கேட்கும், இல்லாததை நம்பவைக்கும் மனச்சிதைவோ, இருமுனை நோயின் எழுச்சியோ, வலிப்போ இருக்கலாம். "குணசீலத்துல ஒரு மண்டலம் வச்சிருந்தோம்", "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போனோம்", "கீழ்ப்பாக்கத்துல காட்டினோம்" என்பவை நோய் கடுமையாக இருந்தது என்பதற்கும், எந்த ஆண்டு என்பதற்கும் சாட்சி. "நரம்புத் தளர்ச்சி" என்றால் பதற்றமா, மனச்சோர்வா, குடி நின்ற நாளில் வந்த கை நடுக்கமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். "பிள்ளை பெத்த ஜன்னி", அதாவது பேறுகாலத்தில் வந்த புத்தித் தடுமாற்றம் என்றால் சிவப்பில் எழுதுங்கள். "வயித்து வலி தாங்காம போயிட்டா", "கிணத்துல தவறி விழுந்துட்டா" என்பவை பெரும்பாலும் தற்கொலையை மூடிய சொற்கள். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. கொலையை மூடிய சொல்லாகவும் இருக்கலாம். கேள்விக்குறி போட்டு நகருங்கள். சொல்பவர் அழுதால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

சாமி வந்து ஆடுகிறவர் எல்லாரையும் கருப்பாக்கிவிடாதீர்கள். திருவிழாவில் ஆடிவிட்டு மறுநாள் வயலுக்குப் போகிறவருக்கு நோய் ஒன்றுமில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டதா என்பதுதான் அளவுகோல்.

ஒரு எச்சரிக்கை. அப்பா வழியை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தும் தாள்கள் அதிகம். வரைபவர் அம்மாவாக இருந்தால் இது இன்னும் நடக்கும். பிறகு "உங்க வம்சம்தான்" என்ற சண்டை தொடங்கும். முதல் நாளே இரண்டு பக்கத்துக்கும் சம இடம் ஒதுக்குங்கள்.

படிப்பது எப்படி

குடிக்கு அடிமையாவதில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சுமார் பாதிக்குப் பரம்பரை காரணம் என்று இரட்டையர்கள் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதி வீடு, தெரு, வயது, வாய்ப்பு. மனச்சிதைவு பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. அம்மா அப்பா இருவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஏறத்தாழ 100ல் 10. மாமா, சித்தப்பா, தாத்தா என்றால் அதைவிடக் குறைவு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்குப் பாதிக்குப் பாதியாவது வராமல் போகிறது. இந்த எண்களை வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள். "நமக்கும் வந்தே தீரும்" என்று பதினெட்டு வயதில் பயந்து நடுங்கும் பிள்ளைக்கு 100ல் 90 பேருக்கு வராது என்பது பெரிய மருந்து.

எது முதலில் வந்தது என்று பாருங்கள். ஒருவருக்குக் குடி 19ல், மனச்சோர்வு 35ல் என்றால் ஒரு கதை. இன்னொருவருக்குப் பத்து வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச நடுக்கம், 20ல் "ரெண்டு பெக் போட்டா தைரியம் வருது" என்றால் வேறு கதை. இரண்டாமவருக்குக் குடியை மட்டும் நிறுத்தினால் பழைய நடுக்கம் முழு வேகத்தில் திரும்பும், மூன்றாவது மாதத்தில் மறுபடி கடைக்குப் போவார். "எவ்வளவு செலவு பண்ணி வைத்தியம் பார்த்தோம்" என்று வீடு நொந்துபோகும். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள்.

குடிப் பரம்பரை உள்ள இளைஞரிடம் தெரியும் ஓர் அடையாளத்தை வீடுகள் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றன. "என் பையன் எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடி" என்று பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் மார்க் ஷுக்கிட் என்ற மருத்துவர் குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். குடித்தும் குறைவாகவே தள்ளாடியவர்களுக்குத்தான் பிற்காலத்தில் குடிநோய் அதிகம் வந்தது. நிறுத்து என்று உடம்பு சொல்வது அவர்களுக்குத் தாமதமாகக் கேட்கிறது. மூன்றாவது வரிசையில் அப்படி ஒரு பையன் இருந்தால் அவன் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

இரட்டைக் கோட்டுக்கு இப்போது வருவோம். மரபணுக் கோளாறு ஒன்றை அம்மா அப்பா இருவரும் வெளியே தெரியாமல் சுமந்திருந்தால், பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் இருவரும் ஒரே கோளாற்றைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. வில்சன் நோய் அந்த வகை. உடம்பில் செம்பு சேர்ந்து கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும். இளவயதில் மஞ்சள் காமாலை, கை நடுக்கம், பேச்சுக் குழறல், திடீர்க் கோபம், படிப்பில் சரிவு. குடிக்காத பதினேழு வயதுப் பிள்ளைக்கு "லிவர் போச்சு, புத்தியும் மாறிப்போச்சு" என்று தாளில் வந்தால், மேலே இரட்டைக் கோடும் இருந்தால், மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கண்ணில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் அளவு எடுப்பார்கள். காலத்தில் பிடித்தால் மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் இது.

கருப்புப் பூசாத ஒருவரும் தாளில் இருப்பார். அநேகமாக மூத்த மகள். பத்து வயதில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து மளிகைக்குப் பணம் எடுத்து வைத்து, தம்பிகளைத் தூங்க வைத்து, வாசலில் காத்திருந்து, வாந்தியைக் கழுவிய பெண். வெளியே தெரிய நோய் ஒன்றும் இருக்காது. ஆனால் அவள் கட்டிக்கொண்டவர் பக்கத்துச் சதுரத்தைப் பாருங்கள். பல தாள்களில் அதன் கீழ்ப்பாதியும் கருத்திருக்கும். ஒருவரைத் தாங்கிப் பிடிப்பதே அன்பு என்று பழகிய வீட்டிலிருந்து அவள் போயிருக்கிறாள். அவளுக்கும் ஆலோசனை வேண்டும். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே நடக்கும் அல்-அனான் கூட்டங்களில் காசு வாங்குவதில்லை.

நடு வரிசையில் இப்போது குடித்துக்கொண்டிருப்பவருக்கு

தாளை வரைந்த வேகத்தில் பல வீடுகள் செய்யும் முதல் தவறு, ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாத பிதற்றல் வரலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், படுக்கையில் எதையோ பொறுக்குவார். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. சபரிமலைக்கு மாலை போட்ட மூன்றாம் நாள், கோவிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிய மூன்றாம் நாள் இப்படி ஆனால் "சாமி குத்தம்" என்று சொல்லிப் பரிகாரம் தேடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, தேவைப்பட்டால் ஒரு வாரம் சேர்த்துவிட்டால் இந்த ஆபத்தை மாத்திரையால் தாண்டலாம். மாலை போட வேண்டும் என்றால் அதற்குப் பிறகு போடட்டும்.

சத்தில்லாமல் கிடப்பவரை "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், "நிறைய குடிப்பவர், தயமின் ஊசி முதலில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். தயமின் என்பது பி1 வைட்டமின். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏறினால், இருக்கும் கொஞ்சமும் செலவாகி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

"அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள். உள்ளே டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் குடித்ததும் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் இறந்துபோகலாம். மருத்துவர் தரும் முறையில், குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் கழித்துத் தொடங்க வேண்டிய மருந்து அது. மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும்.

மறுவாழ்வு மையம் தேடினால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன் கீழ் பதிவு இருக்கிறதா என்று சான்றிதழையே காட்டச் சொல்லுங்கள். ராத்திரி வேன் அனுப்பி ஆளைத் தூக்கி வருகிறோம் என்பவர்கள், மூன்று மாதம் பார்க்கவே கூடாது என்பவர்கள், மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று சொல்லாதவர்கள் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படிக் குற்றம்.

கடைசி வரிசை

பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு, இருபதுக்கு மேல் தொடங்கியவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாகக் குடிநோய் வந்ததாக 1997ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. எனவே கருத்த கட்டங்கள் உள்ள குடும்பத்தில் பிள்ளைக்குச் செய்யும் முதல் உதவி, முதல் மிடறைத் தள்ளிப்போடுவது. கல்யாண வீட்டு மொட்டை மாடியில் "ஆம்பளப் புள்ள, ஒரு வாய் குடிடா" என்று நீட்டும் மாமாவை முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவையுங்கள். சோடாவும் சைடு டிஷ்ஷும் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மனச்சிதைவோ இருமுனை நோயோ தாளில் இருந்தால் கஞ்சா பற்றித் தனியாகப் பேசுங்கள். வாகு உள்ளவருக்குக் கஞ்சா நோயை வரவழைக்கலாம், வர இருப்பதைச் சில வருடம் முன்கூட்டியே கொண்டுவரலாம். "மத்தவங்க அடிச்சுட்டு சும்மாதான இருக்காங்க?" என்பான். அவர்களுடைய தாள் வேறு என்று இந்தத் தாளைக் காட்டுங்கள்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு நாலு வாக்கியம் போதும். "அப்பாவுக்கு ஒரு நோய் இருக்கு. அது உன்னால வரல. அதை நீ சரி பண்ண முடியாது, பண்ணவும் வேண்டாம். அப்பா சத்தம் போட்டா நீ நேரா பாட்டி வீட்டுக்குப் போயிடு." நான்காவது வாக்கியம் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும். யார் வீடு, எந்த வழி, யார் நம்பர் என்று பழக்கியே வைக்க வேண்டும். "அப்படியே உங்க அப்பன் மாதிரி" என்ற வார்த்தையை அந்த வீட்டிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். ஏழு வயதில் நூறு தடவை கேட்ட பிள்ளை பதினேழில் அதை நம்பிவிடும்.

வாஷிங்டனில் ஆய்வாளர்கள் ஸ்டீவன் வோலினும் லிண்டா பென்னட்டும் எழுபதுகளில் குடியுள்ள குடும்பங்களைப் பார்த்தபோது ஒன்றைக் கண்டார்கள். சாப்பாட்டு நேரம், பண்டிகை போன்ற வீட்டு வழக்கங்களைக் குடி கலைக்க விடாத குடும்பங்களில் பழக்கம் அடுத்த தலைமுறைக்குக் குறைவாகவே கடந்தது. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். தீபாவளி காலை பத்து மணிக்கு அப்பா ஒரு பக்கம் விழுந்துகிடப்பார், அம்மா அழுவாள், பலகாரம் அப்படியே இருக்கும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, சாமி கும்பிட்டு, எட்டு மணிக்கு இலை போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். அவருக்காகக் காக்க வேண்டாம். தினமும் இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் அப்படியே. ஒரு பெரியவர் நிதானமாக இருந்தால் நடத்திவிடலாம். இதற்குக் காசும் வேண்டாம், அவர் சம்மதமும் வேண்டாம்.

சிவப்பில் எழுதச் சொன்ன ஜன்னிக்கு வருவோம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ பேறுகாலத்தில் புத்தி தடுமாறியிருந்தால், அல்லது கர்ப்பிணிக்கே இருமுனை நோய் இருந்தால், ஐந்தாம் மாதத்துக்குள் மகப்பேறு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டியதை அவர்கள் மாற்றுவார்கள். குறிப்பாக, இருமுனை நோய்க்குத் தரும் மாத்திரைகளில் ஒன்றான வால்ப்ரோயேட் கருவுக்குக் கெடுதல். பிள்ளை உண்டாகும் முன்பே அதைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. ஆபத்து அதிகம் முதல் இரண்டு வாரத்தில். தாய்வீட்டில் ராத்திரி குழந்தையை யார் தூக்குவது என்று முறை போட்டு, தாய்க்குச் சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கச் செய்யுங்கள். இரண்டு ராத்திரி தூங்காமலும் களைப்பே இல்லாமல் படபடவென்று பேசினால், குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால், அன்றைக்கே மருத்துவமனை. தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள்.

தாளை எங்கே வைப்பது

குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள். ஒரு தடவை போய்விட்டால் பெண் பார்க்க வருகிறவர் கையில் போய் நிற்கும். மூலத்தாள் பத்திரங்களோடு இருக்கட்டும். மருத்துவருக்குப் பெயர்களை நீக்கி, "அப்பா", "அப்பாவின் தம்பி" என்று உறவு மட்டும் எழுதிய ஒரு பக்கப் பிரதி போதும். பிள்ளைகளுக்குப் பதினைந்து பதினாறு வயதில் காட்டலாம். சேர்ந்து உட்கார்ந்து, அவர்களே கேள்வி கேட்கும்படி. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் லீவில், பென்சிலால் புதுப்பியுங்கள்.

தற்கொலை மறைவு ஒன்றாவது தாளில் இருந்தால் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தோட்டத்துப் பெட்டியில் பூட்டி, சாவியை வெளியாளிடம் கொடுத்துவிடுங்கள். தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் நம்பர்களை எழுதுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கு உதவும் சினேகா 044-24640050. பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல ஓ.பி. எந்தக் கிழமை, எந்த அறை. ராத்திரியில் வண்டி எடுத்து வரக்கூடிய உறவினர் ஒருவர் பெயர். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு எழுதுங்கள்.